காமனுக்குக் காய்ச்சல்

ஊத்துமலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆங்கில வாசகப் புத்தகத்தின் மூன்றாம் பாடத்தில் டொம் என்ற வெள்ளைக்காரப் பையன் பனிக்கட்டியில் விளையாடுவான். நான்காம் பாடத்தில் அவனுக்குச் சளி பிடிக்கும். அக்கா சூடாக என்னவோ குடிக்கக் கொடுப்பாள், அம்மா தொப்பி போடச் சொல்லுவாள், ஐந்தாம் பாடத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவான். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தபோதும் அவனுக்குச் சளி பிடித்தது. பதுளைக்குப் போய் நாலு எழுத்துப் படித்துவிட்டு, அதே பள்ளிக்கூடத்துக்கு ஒற்றை வாத்தியாராக வந்து சேர்ந்த பிறகும் வருஷம் தவறாமல் பிடித்தது. சுந்தரலிங்கம் மாஸ்டர் என்றால் ஹாலிஎலையிலிருந்து மேலே நாலு மைலுக்கு எல்லாருக்கும் தெரியும். டொம்மை எனக்கு முன்பே தெரியும்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஆறு வருஷம் கழித்து அந்தச் செய்தி டொம்முக்கும் எட்டியது. இனிமேல் ஆங்கிலத்தை உள்ளூர்க் கலாசாரத்தின் வழியாகத்தான் கற்பிக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. இங்கிலீசில்தான் வந்தது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. வேலையை நடத்தப் பதுளையில் ஒரு குழு அமைத்தார்கள். ஊவா உள்ளூர்க் கலாசார ஆங்கில வாசக ஆக்க ஆலோசனை உபகுழு என்பது அதன் பெயர். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஹாலிஎல பஸ் போய்விடும். தோட்டப் பக்கத்துக்கும் ஓர் ஆள் வேண்டுமென்று என்னைச் சேர்த்தார்கள். எனக்குக் கொடுத்த பதவி, கலாசாரத் தகவலாளர். தோட்டத்தை நடத்தும் தொரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, யாரைப்பற்றித் தகவல் கொடுக்கப்போகிறாய் என்று மூன்று தடவை கேட்டார்.

யாரைப்பற்றி என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனால் யாருக்காக என்று தெரிந்துதான் போனேன். அதனால் முதலில் பூவம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பூவம்மா மூணாம் நம்பர் லயத்துக்காரி; லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடு. கொழுந்து பறிக்கிறவள். பிறந்தது அதே லயத்தில். அவளுடைய அம்மா பிறந்தது அஞ்சாம் நம்பர் லயத்தில். இருந்தாலும், பாட்டன் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதால், அவள் இந்த நாட்டில்தான் இருக்கிறாள் என்பதை விண்ணப்பம் போட்டு நிரூபிக்க வேண்டுமென்று சட்டம் வந்தது. எல்லாரோடும் சேர்ந்து அவளும் போட்டாள். இரண்டு வருஷம் சத்தமில்லை. பிறகு ஒருநாள், நான் அப்புத்தளையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சமயத்தில், முத்திரை குத்திய ஒரு நீளக் கவர் அவள் பெயருக்கு வந்தது. தோட்டம் முழுக்க இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்: தொரை, பெரிய கிளாக்கர், நான். முதல் இரண்டு பேரிடமும் ஒரு கொழுந்துக்காரி போய்க் காகிதத்தை நீட்ட முடியாது. பூவம்மா என்ன செய்தாள்? வெகுநாள் காத்திருந்த பிரஜாவுரிமைப் பத்திரம்தான் வந்துவிட்டது என்று நினைத்து, அதற்கு நாலு மூலையிலும் சந்தனப் பொட்டு வைத்து, சாமிப் படத்துக்கு முன்னால் சாத்தி, சூடம் காட்டி, லயம் முழுக்கப் பொங்கல் கொடுத்தாள்.

நான் ஊருக்குத் திரும்பியபோது எனக்கும் ஓர் இலைப் பொங்கல் எடுத்து வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் கடிதத்தை வாசித்தேன். இன்ன தேதி, இன்ன நேரம், பதுளையில் விசாரணைக்கு நேரில் வர வேண்டும், தவறினால் விண்ணப்பம் தள்ளப்படும் என்று எழுதியிருந்தது. தேதி முந்தாநாள். அந்தப் பொங்கல் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

மனுப் போட்டேன். மன்றாடி இரண்டாம் மனுவும் போட்டேன். இன்னொரு தவணை கொடுக்கலாம், தேதி கடிதத்தில் வரும் என்று பதில் வந்தது. அதுவும் தவறினால் அதோடு சரி. பூவம்மா அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"மாஸ்டர், எனக்கு அந்த எழுத்தக் கத்துக் குடுங்க. எல்லாம் வேணாம். கவர்மெண்டு கந்தோர்லருந்து வர்ற எழுத்து மட்டும் போதும். நீங்க எந்நேரமும் இங்கேயே இருப்பீங்கன்னு நான் நம்பிக்கிட்டு இருக்க ஏலாது."

வாசகத்தைத் திறந்து டொம்மைக் காட்டினேன். அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவன் எப்போது எனக்குக் கடுதாசி போட்டான் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வாசகத்தை மூடிவிட்டு, அவளுடைய பழைய கடிதத்தையே பாடப் புத்தகமாக வைத்துக்கொண்டேன். சந்தனப் பொட்டுக்கு நடுவில் இருந்த எழுத்தெல்லாம் அவள் விரலுக்கு அடியில் ஒவ்வொன்றாக வந்தது. முதலில் அவளுடைய பெயர், பிறகு தேதி, பிறகு நேரம், பிறகு 'நேரில்' என்பது. மூன்று மாதத்தில் அந்தக் கடிதத்தை அவள் தலைகீழாக வாசித்தாள். வேறு எதையும் வாசிக்கத் தெரியாது.

ஆகவே உபகுழுவின் முதல் கூட்டத்துக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை. 'ஒரு கடிதம் வந்தது' என்று ஒரு பாடம் எழுதிக்கொண்டு போனேன். ஆயிரம் லயத்துப் பிள்ளைகள் அதைப் படித்தால் ஆயிரம் காம்பராவில் கடிதம் வாசிக்க ஓர் ஆள் இருக்கும் என்பது என் கணக்கு.

தலைவர் பத்மநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷம் பள்ளிக்கூடங்களைப் பரிசோதித்து ஓய்வுபெற்றவர். வெள்ளைக் கால்சட்டை, கழுத்துப்பட்டி, எதற்கும் அவசரப்படாத குரல். பக்கத்தில் செல்வி லீலாதேவி, பட்டணத்துப் பெண்கள் கல்லூரியில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவர். ஒழுக்கத்துக்குப் பொறுப்பு அவர். எதிரே பதுளைக் கடைவீதியில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் புஹாரி நானா. அவருக்குப் பொதுசனப் பிரதிநிதி என்று பெயர். புத்தகத்தை அச்சடிக்கப் போவதும் அவர்தான்.

முதல் நாள் கூட்டம் தொடங்கவில்லை. போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் கூட்டம் தொடங்கலாம் என்பது விதி. இதுவே முதல் கூட்டம் என்பதால் போன கூட்டம் என்று ஒன்று இல்லை. அதைப்பற்றி மத்தியானம்வரை யோசித்தார்கள். கடைசியில், இப்படி யோசித்ததையே ஒரு கூட்டமாக எழுதி, தேத்தண்ணிக்குப் பிறகு அதை ஏற்றுக்கொண்டு, இரண்டாம் கூட்டத்தைத் தொடங்கினார்கள்.

இரண்டாம் கூட்டத்தில் உள்ளூர் என்றால் எவ்வளவு தூரம் என்று தீர்மானித்தார்கள். தலைவர் சுவரில் வரைபடத்தை மாட்டி, பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்தில் கவராயத்தை ஊன்றி ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் இருப்பது உள்ளூர், வெளியே இருப்பது வெளியூர். எங்கள் தோட்டத்தின் மேல் கோடு குறுக்கே போனது. பள்ளிக்கூடம் உள்ளே, மூணாம் நம்பர் லயம் வெளியே. அந்த லயத்துப் பிள்ளைகள் தினமும் காலையில் வெளியூரிலிருந்து உள்ளூருக்கு நடந்து வருகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் கூட்டத்தில் என் பாடத்தை வாசித்துக் காட்டினேன். பூவம்மாவின் பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். பொட்டு, சூடம், பொங்கல் எல்லாம் அப்படியே இருந்தன. வாசித்து முடித்தபோது புஹாரி நானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நீர் கொண்டு வந்தது பிழை எண்டு நான் சொல்லேல்லை, மாஸ்டர். ஆனா கடிதம் கலாசாரம் இல்லை. அது கந்தோரிலை இருந்து வாறது. கந்தோர் எல்லா நாட்டிலையும் ஒண்டுதான். கலாசாரம் எண்டால் பாக்க வடிவா இருக்கோணும். கேக்க இனிமையா இருக்கோணும். முக்கியமா, ஆரும் அதுக்குப் பதில் போடத் தேவையில்லாததா இருக்கோணும். கூத்து, கொட்டு, கோலம், அப்பிடி ஏதும் கொண்டு வாரும்."

நான் அசடு. உடனே போய் எங்களிடம் இருப்பதிலேயே பெரிய கூத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். கடிதப் பாடத்தைப் பிறகு ஒரு மூலையில் செருகிவிடலாம் என்று நினைத்தேன்.

காமன் கூத்து மாசி மாதத்தில் நடக்கும். கம்பம் நட்டு, தப்புப் பறை அடித்து, பதினைந்து நாள் ஆடுவார்கள். காமன் காதலுக்குத் தேவன். தவத்தில் இருக்கும் சிவன்மேல் பூ அம்பு விட்டு, அவருடைய நெற்றிக் கண்ணில் எரிந்து சாம்பலாகிப்போவான். பெண்சாதி ரதி தலைவிரி கோலமாக அழுவாள். ரதி வேஷம் ஆண்பிள்ளைதான் கட்ட வேண்டும். எங்கள் தோட்டத்தில் பதினொரு வருஷமாக ரதி, பூவம்மாவின் புருஷன் ஜெயராசா. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி பிடிக்கிற கை, மீசையை மாசி மாதம் மட்டும் எடுப்பான். அவன் அழுதால் கங்காணியும் அழுவார்.

உபகுழு கூத்தை நேரில் பார்க்க வருவதாக முடிவாகியது. மாசியில் அவர்களுக்கு வசதிப்படவில்லை. ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரைக்குள் காமன் எரிய வேண்டுமென்று கடிதம் வந்தது. தோட்டத்துப் பெரியவர்கள் முடியாது என்றார்கள். காலம் தப்பிக் கம்பம் நட்டால் குற்றம். கடைசியில், கம்பம் நடாமல் பாட்டும் தப்பும் ரதியின் அழுகையும் மட்டும் காட்டுவதென்று ஒத்துக்கொண்டார்கள். தொரை அரை மணி நேரம் கொடுத்தார்.

ஜெயராசா மீசை எடுத்து, பூவம்மாவின் கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அழுதான். செல்வி லீலாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்பிள்ளை எந்த லயம், என்ன படித்திருக்கிறாள் என்று பக்கத்தில் நின்ற பூவம்மாவிடம் விசாரித்தார்.

"அது என் வீட்டுக்காரருங்க," என்றாள் பூவம்மா.

லீலாதேவி அதன் பிறகு குறிப்பு எழுதவில்லை. தலைவர் எழுதினார். தப்பின் சத்தம் நூறு யார் தள்ளி நின்று கேட்டால் ஏற்றுக்கொள்ளத்தக்கது என்று அவர் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன்.

பிறகு திருத்தம் தொடங்கியது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் புஹாரி நானா பாடத்தை அச்சுக் கோத்துக் கொண்டுவருவார், ஒவ்வொரு கூட்டத்திலும் அதில் ஒன்று போகும். காதல் மூன்றாம் வகுப்புக்கு ஆகாது என்றார் லீலாதேவி. "பெண்சாதி எண்டு போடேலாது, சேர். அக்கா எண்டு போடுவம். அக்காவெண்டால் ஆரும் ஒண்டும் சொல்லேலாது." ரதி காமனுக்கு அக்காவானாள். அம்பு ஆயுதம், பிள்ளைகள் கண்ணைக் குத்திக்கொள்வார்கள் என்று அம்பை எடுத்தார்கள். புத்தகம் எல்லாச் சமயத்தாருக்கும் பொது என்பதால் சிவனை எடுத்தார்கள். சிவன் இல்லாமல் காமன் எப்படி எரிவான் என்று நான் கேட்டேன். வெயில் இருக்கிறதே என்றார் தலைவர். எரிந்து சாவது கடுமை என்பதால், வெயில் பட்டுக் காய்ச்சல் வந்ததாக வைத்தார்கள். காய்ச்சல்காரனைப் பார்த்துத் தலைவிரித்து அழுவது சுகாதாரப் பாடத்துக்கு மாறு என்பதால், ரதி கொத்தமல்லித் தண்ணி காய்ச்சிக் கொடுத்தாள். நீதி ஒன்று வேண்டுமென்று அம்மாவைக் கொண்டுவந்து, வெயிலில் போகும்போது தொப்பி போட வேண்டும் என்று சொல்ல வைத்தார்கள்.

மிச்சம் இருந்தது தப்பு மட்டும்தான். அதையாவது விடுங்கள் என்று புஹாரி நானா கேட்டுப் பார்த்தார். காய்ச்சலில் படுத்திருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் தப்பு அடிப்பது மனிதத்தன்மை இல்லை என்றார் தலைவர். தப்பும் போயிற்று.

முடிந்த பாடத்தை அவர் எழுந்து நின்று வாசித்தார். ஊத்துமலைத் தோட்டத்தில் காமன் வசிக்கிறான். காமனுக்குக் காய்ச்சல். அவனுடைய அக்கா ரதி அவனுக்குச் சூடாகக் கொத்தமல்லித் தண்ணி கொடுத்தாள். அம்மா, தொப்பி போடு காமா என்றாள். காமன் இப்போது சுகம். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசியது. இருபத்தாறு வருஷப் பழக்கம், எனக்கா தெரியாது? டொம் வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான்.

கடைசிக் கூட்டத்தில் 'தோட்டம்' என்ற சொல்லையும் எடுத்தார்கள். ஊத்துமலைத் தோட்டத்தில் காமன் வசிக்கிறான் என்ற முதல் வரி, ஒரு கிராமத்தில் வசிக்கிறான் என்று மாறியிருந்தது. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கூத்தும் எங்களுடையது, அழுததும் எங்கள் ஆள், ஊர்ப் பெயராவது இருக்கட்டும் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடிதப் பாடத்தையும் மறுபடி மேசைமேல் வைத்தேன். பத்மநாதன் கோபப்படவில்லை. நல்ல மனிதர், அதுதான் வில்லங்கம்.

"சுந்தரலிங்கம், இதை நீர் விளங்கிக்கொள்ளோணும். உங்கடை சனத்தின்ரை பிரஜாவுரிமை இப்ப விசாரணையிலை இருக்கு. அவை இந்த நாட்டுச் சனமோ இல்லையோ எண்டு இன்னும் முடிவில்லை. அதுக்கு முந்தி அவையின்ரை கலாசாரத்தை உள்ளூர்க் கலாசாரம் எண்டு நாங்கள் அச்சடிச்சால், விசாரணையிலை தலையிட்ட மாதிரிப் போயிடும். கூத்தை எடுக்கலாம். ஆக்களை எடுக்கிறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்லை."

இதை அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். தோளிலும் தட்டினார்.

வெளியீட்டுக்கு முந்தின வாரம் முழுக்க நான் பதுளையில், புஹாரி நானாவின் அச்சுக்கூடத்தில் பிழை திருத்திக்கொண்டு கிடந்தேன். உபகுழுவின் உத்தரவு. முன்னூறு பிரதி அச்சாகியது. நான்காம் பாடத்துப் படத்தைப் பார்த்துவிட்டு நானாவின் முகத்தைப் பார்த்தேன். கழுத்தில் கம்பளித் துணி சுற்றிய அதே டொம், அதே கட்டில், ஜன்னலுக்கு வெளியே அதே பனி. நெற்றியில் மட்டும் ஒரு கறுத்த வட்டம்.

"புது அச்சுக்கட்டை வெட்ட வேணாமாம், பழசையே போடட்டாம்," என்றார் நானா. "நான் என்ன செய்ய, மாஸ்டர்? ஒரு பொட்டு வச்சு விட்டேன்."

வெளியீட்டு விழா வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு. மண்டபத்து வாசலில் கலாசாரம் நிற்க வேண்டுமென்று உபகுழு தீர்மானித்திருந்தது. கொழுந்துக் கூடையோடு ஒரு பெண்ணை அனுப்பும்படி தொரைக்குக் கடிதம் போனது. வந்தவள் பூவம்மா. கூடை நிறையக் கொழுந்து, தலையில் துணி, இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கு. வருகிறவர்கள் அவளுக்குப் பக்கத்தில் நின்று கொழுந்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

என்னைக் கண்டதும் அவள் படங்குக்குள்ளிருந்து நீளக் கவர் ஒன்றை எடுத்தாள். முதலில் பொட்டு இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இல்லை.

"திங்கக்கெழமை வந்திச்சு. நீங்க ஊர்ல இல்ல. நானே வாசிச்சேன்," என்றாள். "இன்னைக்குத்தாங்க. பதினொன்னரைக்கு. ரெண்டாவது வரியில இருக்கு. கூடையோட நிக்க ஆளு வேணும்னு கங்காணி வந்தாரு. நான் போறேன்னு ஒடனே சொல்லிட்டேன். இல்லாட்டி எனக்கு யாரு லீவு குடுப்பா?"

வாங்கி வாசித்தேன். இரண்டாவது வரியில்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. என் வாழ்க்கையில் நான் படிப்பித்த ஒரே ஒரு பாடம் பலித்திருக்கிறது, அதுவும் உபகுழு தள்ளிய பாடம். விசாரணைக் கந்தோர் அதே வீதியில், பத்து நிமிஷ நடை. பதினொரு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று சொல்லி அவளை உள்ளே சுவரோரமாக உட்காரவைத்தேன்.

பதினொரு மணிக்குத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கும் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். இதோ முடிக்கப்போகிறார், முடிந்ததும் போகலாம் என்று பூவம்மாவுக்குச் சைகை காட்டினேன். மேடையில் அவருடைய தமிழ் வேறு. "அன்னியரின் பனியிலிருந்து எமது பிள்ளைகளை மீட்டிருக்கிறோம். இந்த வாசகத்தின் ஒவ்வொரு வரியிலும் எமது மண் மணக்கிறது. பாமர மக்களின் கலையை, அந்த மக்களுக்கு எவ்விதத் தொந்தரவும் கொடுக்காமல், அவர்களிடமிருந்து பிரித்தெடுத்திருக்கிறோம்." சபை கைதட்டியது. பதினொன்றே காலுக்கு, இதோ எமது மண்ணின் மகள் ஒருத்தி புதிய வாசகத்திலிருந்து நான்காம் பாடத்தை வாசித்துக் காட்டுவாள் என்று அவர் அறிவித்தார். அப்படி ஒரு ஏற்பாடு இருப்பது எனக்கே தெரியாது. லீலாதேவி வந்து பூவம்மாவை மேடைக்குக் கூட்டிப்போனார். கையில் புத்தகத்தை விரித்துக் கொடுத்தார். யாரோ ஒரு பிள்ளை பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுக்கும், இவள் திருப்பிச் சொன்னால் போதும் என்பது திட்டம்.

பூவம்மா புத்தகத்தைப் பார்த்தாள். காய்ச்சல், கொத்தமல்லி, தொப்பி, ஒன்றும் அவளுக்குத் தெரிந்த எழுத்தில்லை. கண்ணை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, படங்குக்குள்ளிருந்து கவரை எடுத்துப் பிரித்து, நிமிர்ந்து நின்று இங்கிலீசில் வாசித்தாள். இதில் பெயர் குறிப்பிடப்பட்ட விண்ணப்பதாரி இன்ன தேதி முற்பகல் பதினொன்றரை மணிக்கு விசாரணை அதிகாரியின் முன்னால் நேரில் சமுகமளிக்க வேண்டும். தவறினால் மேலும் அறிவித்தலின்றி விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஒரு சொல் தடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர் பெயரையும் விடவில்லை.

மண்டபம் அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்குப் பிறகும் கேட்கவில்லை. தலைவர் எழுந்து, புதிய வாசகத்தின் வெற்றிக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டார். லீலாதேவி மட்டும் அது எத்தனையாம் பாடம் என்று புத்தகத்தைப் புரட்டிப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் புஹாரி நானா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"நேரமாயிருச்சுங்க, நான் போகணும்," என்றாள் பூவம்மா.

தலைவர் பதறிப்போனார். இன்னும் நன்றியுரை இருக்கிறது, கலாசாரம் நடுவில் எழுந்து போகக் கூடாது என்று காதோடு சொன்னார். அவள் கூடையை இறக்கி அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். இது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மேடைப் படியில் இறங்கினாள். நானும் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பதினொன்றரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது உள்ளே போனோம். விசாரணை அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்து, இவளா என்று கேட்டார். ஆள் வரும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. தேத்தண்ணிக் கோப்பை கையில் இருந்தது. அவர் இங்கிலீசில் கேட்க, ஒரு கிளாக்கர் தமிழில் சொல்ல வேண்டும். பெயர், தேதி, நேரில் என்ற சொற்கள் வந்தபோதெல்லாம் பூவம்மா கிளாக்கருக்கு முந்திப் பதில் சொன்னாள். அதிகாரியின் புருவம் ஏறியது. இந்த நாட்டில் நிலையாக இருக்கிறதற்கு அத்தாட்சி கேட்டார். பிறந்த துண்டு, தோட்டத்துப் பதிவு, எல்லாவற்றையும் கொடுத்தோம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் தோட்டத்துக் கூத்து அரசாங்கத்து வாசகத்திலேயே வந்திருக்கிறது ஐயா என்று புத்தகத்தை விரித்து நீட்டினேன்.

அவர் நான்காம் பாடத்தை வாசித்தார். படத்தைப் பார்த்தார். கம்பளித் துணியைப் பார்த்தார். பனியைப் பார்த்தார். இதில் தோட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். புத்தகத்தை இரண்டு விரலால் தள்ளிவிட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு இங்கிலீசில் என்னிடம் சொன்னார்:

"தோட்டத்து மக்களின் பழக்கவழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கடிதத்தை வாசிப்பதில்லை. நூறு பேருக்கு அனுப்பினால் எழுபது பேர் வருவதில்லை. அதனால்தான் இந்த வேலை இவ்வளவு ஒழுங்காக நடக்கிறது. இந்தப் பெண் கடிதத்தை வாசித்திருக்கிறாள், குறித்த நேரத்துக்கு வந்தும் இருக்கிறாள். இவள் உண்மையாகவே தோட்டத்துப் பெண்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மேலும் அத்தாட்சி வேண்டும். தேதி கடிதத்தில் வரும்."

வீதியில் இறங்கியதும் அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சுற்றி வளைத்தேன். அவள் என்னைப் பாதியில் நிறுத்தினாள்.

"தள்ளிட்டாரா?"

"தள்ளல. இன்னொரு கடிதம் போடுவாராம்."

"போடட்டும்," என்றாள். "வாசிச்சுக்கிறேன்."

கூடையை எடுக்க மண்டபத்துக்குப் போனோம். நன்றியுரை இன்னும் முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தைத் திறக்கப் போனேன். புதிய வாசகம் நாற்பது பிரதி வந்து கட்டுப் பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடந்தது. பூவம்மா எனக்கு முந்தியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவளோடு இன்னும் ஒன்பது பெண்கள், இரண்டாம் நம்பர், மூணாம் நம்பர், அஞ்சாம் நம்பர் லயத்துக்காரிகள். எல்லார் கையிலும் நீளக் கவர். சாமிப் படத்துக்கு முன்னாலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். சிலதில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது, சிலதில் இன்னும் ஈரம். ஒருத்தி கவரைப் பிரிக்கப் பயந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள். நான் சோக்குக் கட்டியை எடுத்து, எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினேன். அதற்குள் பின்னால் பூவம்மாவின் குரல் கேட்டது.

"மொதல்ல தேதியப் பாருங்கடி. பொட்டு அப்பறம்."